விரல் மை மங்கிய பிறகும் வராத முடிவு

2024 ஏப்ரல் 19-ம் தேதி தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் ஓட்டுப் போட்டது. கல்வராயன்மலையில் கரியாலூர், வெள்ளிமலை பக்கத்து மக்களும் அன்றைக்குத்தான் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஓட்டு எண்ணியது ஜூன் 4-ம் தேதி. நடுவில் முழுசாக 45 நாள்! தோலில் இருந்த மை போய்விட்டது. நகத்தில் இருந்த மை, நகம் வளர வளர மேலே ஏறிக்கொண்டே போனது. அப்போதும் யார் ஜெயித்தார்கள் என்பது தெரியவில்லை.

நாடு முழுக்க ஏழு கட்டமாகத் தேர்தல் நடந்தது. தமிழ்நாடு முதல் கட்டத்திலேயே ஓட்டுப் போட்டுவிட்டதால், கடைசிக் கட்டமான ஜூன் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாத் தேர்தலும் இப்படி இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் மே 16 ஓட்டுப்பதிவு, மே 19 முடிவு. 2021-ல் ஏப்ரல் 6-ல் ஓட்டுப் போட்டுவிட்டு மே 2 வரை காத்திருந்தோம். 2019 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 18-லிருந்து மே 23 வரை.

இத்தனை நாளும் வேட்பாளர்கள் மட்டும்தான் தூக்கம் கெட்டுக் கிடந்தார்களா? வெயிலில் கொடி பிடித்து வீடு வீடாக நடந்தவர், பூத் ஏஜென்டாக விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர், ‘நம்ம ஆளு வந்தா ரோடு வரும்’ என்று நம்பி ஓட்டுப் போட்டவர் என எல்லோருக்கும் அந்தப் படபடப்பில் பங்கு உண்டு.

கவலைப்படுவது தப்பில்லை

“யாரு வந்தா நமக்கென்னண்ணே, நாம உழைச்சாத்தான் நமக்குச் சோறு” என்று டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிடலாம். கரியாலூர் போன்ற ஊரில் அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் ஏறக்குறைய 30 வருடம் கல்வராயன்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-ல், நெருக்கடிநிலைக் காலத்தில்தான் அந்த ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி, நிலத்துக்குப் பட்டா எல்லாமே இந்த மலைக்குத் தாமதமாக வந்தவை. பல இடங்களில் இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பவை. அங்கே ஓட்டு என்பது ஒரு சடங்கு இல்லை. முடிவு என்ன ஆகுமோ என்று ஒருவர் கவலைப்பட்டால், அவருக்கு அதில் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளாட்சித் தேர்தலில் இது இன்னும் கூர்மை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் புது மாவட்டமானது. அதே டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கள்ளக்குறிச்சி உட்பட 9 மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் தேர்தல் நடந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் தேர்தலுக்கே காத்திருப்பு. ஓட்டு எண்ணியது அக்டோபர் 12. நிற்பவர் ஒருவருக்குச் சித்தப்பா, எதிர்த்து நிற்பவர் இன்னொருவருக்கு மச்சான் என்று இருக்கும் ஊரில், அந்த நாட்களை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கடத்துவது சாதாரண விஷயமில்லை.

இந்தப் பதற்றம் நம் ஊரோடு நிற்பதும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் எடுத்த கணக்கில், 2016 அதிபர் தேர்தல் தங்களுக்குப் பெரிய மனஅழுத்தம் தருவதாகச் சொன்னவர்கள் 52 சதவீதம். 2020 தேர்தலின்போது அது 68 சதவீதமாக ஏறியது.

தோல்வியைவிடத் தெரியாமை வலிக்கும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். 45 பேரை உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று மின்அதிர்ச்சி. அவர்களுடைய வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். கட்டாயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்த மனஅழுத்தத்தைவிட, ‘வரலாம், வராமலும் போகலாம்’ என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் மனஅழுத்தம் உச்சத்துக்குப் போனது.

தோற்றுவிடுவோம் என்று தெரிந்த கட்சிக்காரர் ஓரளவு நிம்மதியாகத் தூங்குவதும், ‘இழுபறி’ என்று கேள்விப்பட்டவர் விடிய விடிய விழித்திருப்பதும் இதனால்தான். நிச்சயமான கெட்ட செய்திக்கு மனது தயாராகிவிடும். எது என்று தெரியாத செய்திக்கு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் பேராசிரியர் கேட் ஸ்வீனி பல வருடமாக ‘காத்திருத்தல்’ பற்றியே ஆராய்பவர். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தவர்களை அவரது குழு தொடர்ந்து கவனித்தது. கவலையைக் குறைக்க அவர்கள் செய்த உபாயங்கள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால், கவலைப்பட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள்தான், முடிவு கெட்டதாக வந்தபோது நன்றாகச் சமாளித்தார்கள். நல்லதாக வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டார்கள். அதனால் ‘கவலையே படாதே’ என்று ஒருவரை அதட்டுவதில் பயனில்லை. அந்தக் கவலை அவரது சாப்பாட்டையும் தூக்கத்தையும் உறவையும் தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பதற்றத்துக்குத் தீனி போடுபவை

முதல் இடம் வாட்ஸ்அப் ‘எக்ஸிட் போல்’களுக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 126ஏ பிரிவின்படி, கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடியும் வரை எக்ஸிட் போல் எதையும் வெளியிடக் கூடாது. அதாவது 2024-ல் ஏப்ரல் 19-லிருந்து ஜூன் 1 மாலை வரை, ‘நம்ம தொகுதி எக்ஸிட் போல்’ என்று யார் அனுப்பியிருந்தாலும், அது சட்டத்தை மீறியதாக இருக்கும், இல்லையென்றால் சும்மா அடித்துவிட்டதாக இருக்கும். அதைப் பார்த்துத் துள்ளுவதற்கும் ஒன்றுமில்லை, துவளுவதற்கும் ஒன்றுமில்லை.

சட்டப்படி வருபவை மட்டும் சரியாக இருந்துவிடுகின்றனவா? 2024 ஜூன் 1 மாலை வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை பாஜக கூட்டணிக்கு 350-க்கும் மேல் என்றன. மூன்றாம் நாள் முடிவில் அந்தக் கூட்டணி பெற்றது 293, பாஜக மட்டும் 240. அந்த நடுநாட்களில் கொண்டாடியவர்களின் கொண்டாட்டமும் அழுதவர்களின் அழுகையும் வீணாகத்தான் போயின.

இரண்டாவது, பந்தயம். “பத்தாயிரம் கட்டறேன் மாமா, நம்மாளுதான்” என்று ஒரு வீம்பில் சொல்லிவிட்டால், ஓட்டு எண்ணும் நாள் வரை அந்தப் பத்தாயிரமும் சேர்ந்து நெஞ்சை அழுத்தும். மீசையை எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்ற சவாலும் அப்படித்தான். பந்தயம் கட்டிய பிறகு அது ஊர்க் கவலையாக இருப்பதில்லை, குடும்பக் கவலையாகிவிடுகிறது.

மூன்றாவது, குடி. மனப் பாரம் இறங்கியது போல ஒரு மணி நேரம் இருக்கும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் படபடப்பைக் கூட்டிவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

‘பெட்டியை மாத்திடுவாங்களோ’ என்ற பயம் காத்திருப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும். நடைமுறையைத் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் இறங்கும். ஓட்டுப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டுப் பதிவானது என்ற கணக்கு, படிவம் 17சி என்ற தாளில் எழுதப்படும். அதன் நகல் ஏஜென்ட்டுகளுக்குத் தரப்படும். எண்ணும்போது இயந்திரம் காட்டும் மொத்தத்தை அந்த நகலோடு ஒப்பிடலாம். இயந்திரங்கள் சீல் வைத்த ஸ்ட்ராங் ரூமில், துப்பாக்கிப் பாதுகாப்பும் கேமராவும் சூழ இருக்கும். வேட்பாளர்களின் ஆட்கள் வெளியே இருந்து கண்காணிக்கலாம்.

எண்ணும் நாளில் காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு தொடங்கும். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேஜைகள். 14 சாவடிகள் எண்ணினால் ஒரு ரவுண்டு. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இப்படி ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சங்கராபுரம், ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சியோடு சேலம் மாவட்டத்து ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடும் இதில் சேரும். முதல் இரண்டு ரவுண்டில் வரும் ‘லீடிங்’, முதலில் எண்ணிய சாவடிகளின் கணக்கு மட்டும்தான். மலைப்பக்கத்துச் சாவடிகள் எந்த ரவுண்டில் வரும் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறலாம்.

2024-ல் விருதுநகரில் மாணிக்கம் தாகூரும் விஜயபிரபாகரனும் மாறி மாறி முன்னிலை வகித்து, கடைசியில் 4,379 ஓட்டில்தான் முடிவு தெரிந்தது. 2021-ல் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டு; அது கோர்ட் வரை போனது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் இதயத்தை டிவி முன் வைத்துவிட்டு உட்காருபவர் இருபது முறை ஜெயித்து இருபது முறை தோற்க வேண்டியிருக்கும்.

அந்த நாட்களைக் கடத்துவது எப்படி?

*கைக்கு வேலை:* ஸ்வீனியின் குழு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. காத்திருக்கும் காலத்தில், முழுக் கவனத்தையும் இழுத்துக்கொள்ளும் வேலையில் மூழ்கியவர்களுக்குப் படபடப்பு குறைவு. வேலை ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, தலையைப் பிய்க்கும் அளவுக்குக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது. மலையில் இதற்குப் பஞ்சமில்லை. கோடை மழை பெய்தால் உழவு, வேலி கட்டுவது, மரவள்ளிக் காட்டில் களை, சாமை விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்வது. டவுனில் இருப்பவருக்கு தையல், சைக்கிள் பழுதுபார்ப்பது, பிள்ளைகளோடு கேரம். சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் வராது.

*போனுக்கு நேரம்:* காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் செய்தி பார்த்தால் எதுவும் தவறிப்போகாது. படுக்கும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோக வேண்டாம்.

*வீட்டில் ஓர் உடன்படிக்கை:* அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி என்றால், சாப்பிடும்போது அரசியல் பேசுவதில்லை என்று முடிவு வரும் வரை ஒப்புக்கொள்ளலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் இது பொருந்தும்.

*எண்ணும் நாளன்று:* பிரஷர், சர்க்கரை மாத்திரை போடும் பெரியவர்கள் வேளை தவறக் கூடாது. காலை டிபனை முடித்துவிட்டுத்தான் டிவி. மதியத்துக்கு மேல் ஒரே ஒருமுறை கேட்டுச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளையை நியமித்துவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம்.

*தோற்றால் என்ன செய்வது:* இதை முன்னாடியே பேசிவைக்க வேண்டும். முக்கியமாக வேட்பாளர் வீட்டிலும், கடன் வாங்கிச் செலவு செய்தவர் வீட்டிலும். அன்று ராத்திரி அவர் கூட யார் இருப்பது, கடன்காரரிடம் யார் பேசுவது, மறுநாள் யார் கடை திறப்பது என்று ஒரு கணக்கு இருந்தால், முடிவு வந்த நேரத்தில் அவர் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது தேர்தல் கவலையைத் தாண்டிவிட்டது. டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. கூப்பிடத் தயங்குபவருக்காக வீட்டில் ஒருவர் எண்ணைப் போட்டுக் கொடுக்கலாம்.

மறுநாள் காலை

ஓட்டுப் போட்டு முடித்த அன்றே முடிவு பெட்டிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு யாருடைய விழிப்பும் விரதமும் ஒரு ஓட்டைக்கூடக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. ஆனால், காத்திருந்த நாட்களில் பேசிய வார்த்தைகள் முடிவுக்குப் பிறகும் ஊரில் இருக்கும்.

ஜெயித்த பக்கத்தார் எதிராளி வீட்டு வாசலில் வெடி வைக்காமல் நகர்ந்து போகலாம். தோற்ற வீட்டுக்கு, தேர்தலைப் பற்றி எதுவும் கேட்காமல், “என்ன சித்தப்பா, இன்னிக்கு உழவுக்குப் போகலையா?” என்று யாராவது எட்டிப் பார்க்கலாம். யார் ஜெயித்தாலும் தோற்றாலும் ரோடு, பஸ், பட்டா என்று மனு எழுதிக்கொண்டு போக வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அந்த மனுவில் இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.