தோட்டம் யாருக்காக?

பள்ளித் தோட்டம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது எது? வாயிலின் இருபுறமும் காகிதப்பூ, நடைபாதை ஓரத்தில் குரோட்டன்ஸ், நடுவே அடுக்குச் செம்பருத்தி. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் காலை ஒன்பது மணிக்கு அங்கே பத்து நிமிடம் நின்று பாருங்கள். தேனீ வருகிறதா? வந்தாலும் ஒன்றிரண்டுதான். வேலி ஓரத்தில், களை என்று நாம் பிடுங்கி எறியும் தும்பையிலோ தேனீக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கும்.

காரணம் எளியது. செடிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் நம் கண்களை மட்டுமே கேட்கிறோம், தேனீயைக் கேட்பதில்லை. இது தவறு என்பதே என் கருத்து.

தேனீ பூவில் தேடுபவை இரண்டு. ஒன்று பூந்தேன், பறப்பதற்கு வேண்டிய ஆற்றலை அது தருகிறது. மற்றொன்று மகரந்தம், கூட்டில் வளரும் புழுக்களுக்கு வேண்டிய புரதம் அதிலிருந்தே கிடைக்கிறது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறிவிட்டன. ஆகவே மகரந்தம் குறைவு. காகிதப்பூவில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே அன்று, நிறமேறிய இலை. உண்மையான பூ நடுவிலுள்ள சிறு வெண்குழல். அதன் அடியிலுள்ள தேன் நம் நாட்டுத் தேனீயின் குட்டை நாவுக்கு எட்டாது.

நிறத்திலும் தேனீயின் விருப்பம் வேறு. கார்ல் வான் ஃபிரிஷ் என்ற அறிஞர் நீல அட்டையின் மீது சர்க்கரைக் கரைசல் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு பல சாம்பல் நிற அட்டைகளின் நடுவே நீல அட்டையை வைத்தபோதும் அவை அதையே நாடிச் சென்றன. சிவப்பு அட்டையையோ கறுப்பிலிருந்து பிரித்தறியத் தடுமாறின. தேனீக்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

"தேனீ வராவிட்டால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். பூசணிக்கும் பாகலுக்கும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைக் கொண்டு செல்லாது. தேனீ போன்ற பூச்சிகள் வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். உங்கள் வீட்டுப் பந்தலிலேயே இதைக் கண்டிருப்பீர்கள்.

தேனீ கொட்டுமே என்ற அச்சமும் உண்டு. பூவில் உணவு தேடும் தேனீ, பிடித்தாலோ மிதித்தாலோ அன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. கூட்டைக் கலைத்தால்தான் ஆபத்து. விளையாடும் இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பாத்தி அமைத்தால் போதும்.

எவற்றை நடலாம்? துளசியின் கதிர்களைக் கிள்ளாமல் ஒரு பாத்தியைப் பூக்க விடுங்கள். கொத்தமல்லியில் பாதியைப் பறிக்காமல் விடுங்கள். சூரியகாந்தி, எள், முருங்கை ஆகியவையும் ஏற்றவை. இடமிருந்தால் வேம்பும் புங்கமும் வையுங்கள். கோடையில் அவை பூக்கும். மழைக்குப் பின் தும்பை தானே முளைக்கும். அதைப் பிடுங்காமல் இருந்தாலே போதும். எல்லாம் ஒரே பருவத்தில் பூத்து ஓய்ந்தால் மற்ற மாதங்களில் தேனீ பட்டினி கிடக்க நேரிடும். ஒரு பயணத்தில் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்வது தேனீயின் வழக்கம். ஆதலால் ஒரே செடியைக் கூட்டமாக நடுங்கள். பூத்த செடியின்மீது பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.

பள்ளித் தோட்டத்துக்குப் பரிசளிப்போர் பூக்களின் நிறத்தை மட்டும் பார்க்காமல், பத்து நிமிடத்தில் வந்துபோகும் தேனீக்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கை மாணவர்களாகிய நீங்களே நாளைக் காலையில் தொடங்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.