சிறகுக்கும் ஒரு கணக்கு!

மேட்டூரில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று கேளுங்கள். தஞ்சைத் தரணியிலே திண்ணைதோறும் விடை கிடைக்கும். வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். கிராம அடங்கல் சொல்லும். அந்த வயல் வரப்பிலே சென்ற ஆண்டு எத்தனை வகை வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன என்று கேளுங்கள். திண்ணையும் மௌனம், ஏடும் மௌனம்!

"பூச்சிக்குமா கணக்கு? பொழுதுபோகாதவன் வேலை!" என்று புன்னகை புரிவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம், கர்நாடகம் தமிழகத்துக்குத் தரவேண்டிய காவிரி நீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. நம் கண்ணீரை அளந்தா அந்த வழக்கு நடந்தது? ஆண்டாண்டாக எழுதிவைத்த நீரளவுகளை வைத்தன்றோ வாதாடினோம்! கணக்கு இருந்தது; வழக்கு நின்றது.

"முன்பெல்லாம் மந்தை மந்தையாகப் பறக்கும், இப்போது காணோம்" என்கிறார் ஊர்ப் பெரியவர். பூச்சிமருந்தா காரணம்? வரப்பைச் சுத்தமாகச் செதுக்கியதா? மழை பொய்த்ததா? எப்படிச் சொல்வது? எருக்கை நம்பி ஒரு வகைப் புழு வாழ்கிறது. எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் நம்பி வேறொரு வகை. அந்தியிலே பறக்கும் பழுப்பு நிற வகை ஒன்று, புழுப் பருவத்தில் நம் நெற்பயிரின் இலையையே தின்கிறது! செடி போனால் சிறகும் போகும். எது குறைந்தது, எது பெருகியது என்று அறிய ஆண்டுதோறும் எழுதிய ஏடு வேண்டும்.

இங்கிலாந்திலே 1976 முதல் அந்த ஏடு எழுதப்படுகிறது. குறித்த பாதையிலே வாரந்தோறும் நடந்து எண்ணுகிறார்கள். எண்ணுவோரில் பெரும்பாலோர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர், ஆர்வமுள்ள பொதுமக்கள். நமக்கும் வழி திறந்தே இருக்கிறது. 'ஐநேச்சுரலிஸ்ட்', 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' தளங்கள் படத்தையும் இடத்தையும் நாளையும் கேட்கின்றன. பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்துத் தெரிந்தவர் சொல்லுவர், தவறாயின் திருத்துவர். 2020 முதல் செப்டம்பர் மாதத்தை நாடெங்கும் ஆர்வலர்கள் இதற்கென்றே ஒதுக்கியுள்ளனர்.

ஆனால் ஆர்வலர் பலர் மலையேறுகிறார்கள். சேற்றில் இறங்குவோர் சிலரே. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருவரங்கத்தை அடுத்த மேலூரில், 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. சீட்டு வாங்கிச் சென்று வியக்கிறோம். வாய்க்கால் கரையில் இலவசமாகப் பறப்பதைத் திரும்பியும் பார்ப்பதில்லை!

பெயர்களைப் பாருங்கள்: சார்ஜெண்ட், கமாண்டர், நவாப், பாரன்! வெள்ளையர் காலத்து ஆங்கிலப் பட்டியல் நம் பூச்சியின் முதுகிலும் பட்டாளத்தையும் பட்டத்தையும் ஏற்றிவிட்டது. எழுதியவன் வைத்ததே பெயர்! 'டமில் யோமன்' என்று அவர்கள் அழைத்தது, 2019இல் 'தமிழ் மறவன்' என்று தமிழகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சி ஆயிற்று. மகிழ்ச்சி! மறவன் மலைக்காட்டுக்காரன். மருதநிலத்துச் சிறகுகளை யார் எழுதுவது?

நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். வாரம் ஒருமுறை, ஒரே வாய்க்கால் கரை, ஒரே நேரம். கண்டதை எண்ணட்டும், எதுவும் காணாவிட்டால் 'இல்லை' என்றே எழுதட்டும். அந்த 'இல்லை'யும் நாளைக்குச் சாட்சி.

காணாமல் போயிற்று என்று வழக்குரைக்கவும் முதலில் கணக்கு வேண்டுமன்றோ!