ஒதுங்கச் சொன்னது யாரை?

தத்துவம் படிச்சா சோறு கெடைக்குமான்னு அப்பா கேட்டார். சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி அவர். நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு வட்டம் மரமும் நிழலும் உண்டு. நாங்க இருந்தது அதுக்கு வெளியே. நான் இளங்கலைத் தமிழ். துணைப்பாடமாக இந்தியத் தத்துவ அறிமுகம் வந்து சேர்ந்தது.

ஆறு தரிசனத்தில் தொடங்கி அத்வைதத்தில் முடிந்தது பாடம். புத்தருக்கு ரெண்டு வகுப்பு. சார்வாகருக்கு அரை வகுப்பு, அதுவும் கேலியோடு. சங்கரருக்கு மட்டும் ஒரு மாசம்.

காசியில் எதிரே வந்த சண்டாளரை ஒதுங்கிப் போகச் சொன்னாராம் சங்கரர். ஒதுங்க வேண்டியது உடம்பா, ஆன்மாவான்னு அவர் திருப்பிக் கேட்டாராம். சங்கரர் விழுந்து வணங்கி மனீஷா பஞ்சகம் பாடினாராம். பார்த்தீங்களா சமத்துவத்தை என்றார் ஆசிரியர். ஆனால் வந்தவர் சிவன் என்றல்லவா கதை முடிகிறது! நம்மாள் வாயிலிருந்து நல்ல கேள்வி வந்துட்டா அவன் நம்மாள் இல்லை. பக்கத்துச் சிதம்பரத்தில் நந்தனை நெருப்பில் இறக்கிப் பூணூலோடு வெளியே எடுத்ததும் இதே வேலைதான்.

அதே சங்கரர் பிரம்மசூத்திர உரையில் (1.3.38), வேதம் கேட்ட சூத்திரன் காதில் ஈயமும் அரக்கும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதியை ஆதாரமாக எடுத்து வைக்கிறார். சூத்திரனுக்கே இந்தக் கதி. பஞ்சமனுக்கு? பிரம்மம் ஒண்ணுதான், காதுதான் வேற வேற போல. இதை வகுப்பில் யாரும் சொல்லலை. நானாகப் படித்துத் தெரிந்துகொள்ளப் பத்து வருஷமாச்சு.

தமிழ்த்துறை மட்டும் யோக்கியமா? மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி, ஆசீவகர், சாங்கியர் என்று பத்துத் தரப்பும் வரிசையாக வந்து பேசுகிறார்கள். 29ஆம் காதை முழுக்கப் பௌத்த அளவையியல். ஆக, தமிழிலேயே ஒரு தத்துவ அறிமுகப் பாடம் இருக்கிறது. முதுகலையில் அதைத் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிட்டார்கள். தத்துவக்காரருக்கு அது இலக்கியம், தமிழ்க்காரருக்கு அது தத்துவம். நடுவில் பௌத்தம் காணாமல் போனது.

1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திப் பௌத்தம் எழுதிய அயோத்திதாசர் பெயரே இல்லை. கொலம்பியாவில் ஜான் டூயியிடம் படித்த, 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதிய அம்பேத்கர் 'சட்ட மேதை'யாக வேறொரு தாளில் கிடந்தார். சட்டம் எழுதலாம், சிந்திக்கக்கூடாது!

பாடத்திட்டக் குழுவில் உட்காரும் நம் தோழர்களைத்தான் கேட்கிறேன். முதல் அலகில் அந்த இரண்டு காதைகளை வையுங்கள். அயோத்திதாசரையும் அம்பேத்கரையும் வையுங்கள். சங்கரரையும் வையுங்கள், 1.3.38ஓடு சேர்த்து.