பால் ஐஸா? எண்ணெய் ஐஸா?

கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் கோன், கப், குச்சி என்று வகை வகையாக அடுக்கி இருக்கிறது. ஒரே நிறம், ஒரே வடிவம். கம்பெனி பெயர்தான் வேறு வேறு. "ஏதாவது ஒண்ணு குடுங்க, எல்லாம் ஐஸ்கிரீம்தானே!" என்று வாங்கிப் போகிறார்கள் மக்கள்.

எல்லாம் ஐஸ்கிரீம் இல்லை. அங்கேதான் இருக்கிறது சங்கதி!

வெறும் 'ஐஸ்கிரீம்' என்று விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். குறைந்தால், நடுத்தரக் கொழுப்பு, குறைந்த கொழுப்பு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்ந்தால் அதன் பெயர் 'புரோசன் டெசர்ட்'. இது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

பால் கொழுப்பை விட எண்ணெய் மலிவு. நாக்குக்கோ பெரிய வித்தியாசம் தெரியாது. எண்ணெய்ச் சரக்குக்குப் பால் சரக்கின் விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார் ஏமாந்தவர்.

இந்தச் சண்டை கோர்ட்டு வரை போனது. புரோசன் டெசர்ட்டில் இருப்பது வனஸ்பதி என்று 2017-ல் டி.வி.யில் விளம்பரம் செய்தது அமுல். 'குவாலிட்டி வால்ஸ்' விற்று வந்த இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி வழக்குப் போட்டது. போட்டியாளரின் சரக்கை மட்டம் தட்டுகிறது என்று அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது பம்பாய் ஐகோர்ட்டு.

அதில் நியாயம் இருக்கிறது. புரோசன் டெசர்ட் விஷம் அல்ல. சட்டப்படி விற்கும் சரக்கு. பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் இன்னது என்று தெரிந்து சாப்பிட வேண்டாமா?

"பாக்கெட்டில் போட்டிருக்கிறதே" என்பார்கள். போட்டிருக்கிறது, வாஸ்தவம். கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். சரக்கின் பெயர் பல பாக்கெட்டுகளில் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதுவும் இங்கிலீஷில்! பேரப்பிள்ளைக்குக் கோன் வாங்கித் தரும் பாட்டி அதைப் படிப்பது எப்படி?

அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றடித்துப் பொங்க வைக்கிற பண்டம் இது. சாதாரண ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராம் இருந்தாலே போதும் என்கிறது விதி. ஆகவே மில்லியைப் பார்த்து மயங்காமல், எடை போட்டிருந்தால் அதையும் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வந்த சரக்கை அவர் விற்கிறார். ஆனால் இரண்டையும் தனித்தனியாக அடுக்கி, கேட்பவருக்கு "இது பால், இது எண்ணெய்" என்று சொல்லலாம். காசா, பணமா?

சரக்கின் பெயரைக் கம்பெனி பெயர் அளவுக்குப் பெரிதாக, தமிழிலும் அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும். பத்து ரூபாய் ஐஸ் என்றாலும் உழைத்த காசு. அதற்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. அதிகாரிகள் கவனிப்பார்களா?