பத்து வயதில் தோற்றவர்கள்

“அம்மப்பா, நான் வெட்டுப்புள்ளி எடுக்காட்டி அம்மா அழுவாவே?”

சென்ற வாரம் என் பேத்தி கேட்ட கேள்வி இது. அவளுக்கு வயது ஒன்பது. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கேள்வி கேட்டே நாற்பது ஆண்டுகளைப் பத்திரிகைத் தொழிலில் கழித்த எனக்குப் பதில் வரவில்லை.

அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பப்படுகிறாள். பாடசாலை விட்டதும் வானுக்குள்ளேயே மதியச் சோறு. பின்னர் ரியூசன். இரவில் மாதிரி வினாத்தாள். ஞாயிறன்று கருத்தரங்காம்! அண்மையில் அவளுக்கு ஒரு பால்பல் விழுந்தது. கூரைமேல் எறிய நேரமில்லாததால் கடதாசியில் சுற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பிறப்பு இவ்வளவு அவலமானதன்று. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது அது. கிராமத்து ஏழைப் பிள்ளையொன்று, திறமை இருந்தும் வழியில்லாமல் நின்றுவிடக் கூடாது. அதனை மத்திய கல்லூரிக்கு அழைத்து, விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த ஏணியில் ஏறி வந்தவர்கள் பலரை நான் அறிவேன்.

இன்று அந்த ஏணியில் யார் ஏறுகிறார்கள்? மாதாமாதம் ரியூசனுக்குப் பணம் கட்டக்கூடிய என் மகளைப் போன்றவர்களின் பிள்ளைகள்! ஏழைக்கென்று போட்ட பந்தியில் வசதியுள்ளவன் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் சிறுவர்கள் தோற்றுகிறார்கள். அவர்களில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஏனைய ஐவருக்கும் நாம் சொல்லியனுப்பும் செய்தி என்ன? பத்து வயதிலேயே நீ தோற்றுவிட்டாய் என்பதுதானே?

பெரியவர்களின் பதற்றம் எதுவரை போகும் என்பதை 2024 செப்டெம்பரில் கண்டோம். வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளையும் களவாடும் நிலைக்கு ஒரு சமூகம் வந்துவிட்டது.

தாய்மாரைத் திட்டுவது இலகு. நானும் திட்டித்தான் பார்த்தேன். “எல்லாரும் ஓடேக்கை இவளை மட்டும் நிப்பாட்டி வைக்கச் சொல்லுறியளே அப்பா?” என்று கேட்டாள் மகள். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒழுங்காக ஆசிரியர் இருந்தால் அவள் ஏன் ஓடப்போகிறாள்? நல்ல பாடசாலைகள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் வாசலில் குழந்தைகளை முட்டிமோத விடுகிற அரசுகளைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால், கேட்க வேண்டிய நாங்கள் என்ன செய்தோம்? இதனை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாதிரி வினாத்தாள் பக்கத்தைப் பத்திரிகையில் வெளியிட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கம் வரும் நாளில் விற்பனை கூடும். அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்களை, பெற்றோர், அதிபர், ரியூசன் ஆசிரியர் சகிதம் அச்சிட்டோம். 200க்கு எத்தனை என்று தலைப்பும் போட்டோம். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டிலும் அதே பத்திரிகை கிடக்கும் என்பதை ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று அந்த வேலையை முகநூல் செய்கிறது. பெறுபேறு வந்த அன்றே ரொறன்ரோவிலிருந்து மாமாவும் இலண்டனிலிருந்து சித்தியும் “எத்தனை புள்ளி?” என்று கேட்டு அழைக்கிறார்கள்.

உதவிப்பணம் தேவையுள்ள பிள்ளைக்குக் கிடைக்கட்டும். பாடசாலை அனுமதியை இந்தப் பரீட்சையிலிருந்து பிரித்தெடுங்கள். இன்றும் ஆசிரிய பீடங்களில் இருக்கும் என் இளைய நண்பர்களுக்கு ஒன்று: அந்தப் பக்கத்தை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு கதையைப் போடுங்கள். புள்ளிகளை வெளியிடாதீர்கள். கடல் கடந்த உறவினரே, பிள்ளையிடம் வேறேதாவது கேளுங்கள்.

கடந்த ஞாயிறு பேத்தியைக் கருத்தரங்குக்கு அனுப்பவில்லை. இருவருமாகப் பின்வளவுக்குப் போய்ப் பல்லைக் கூரைமேல் எறிந்தோம். முதல் தடவை ஓட்டில் பட்டு உருண்டு கீழே விழுந்தது. தேடியெடுத்து மீண்டும் எறிந்தாள். மகள் இரண்டு நாள்களாக என்னுடன் பேசுவதில்லை.