ரெண்டு சக்கரக் கிறுக்கு - 9: சைலன்சர் வாங்கப் போன கதை

நம்ம ஊர்ல வண்டிக்குப் பின்னாடி புகை விடுற சாமானுக்கு ஒரே பேர்தான். சைலன்சர். ஆர்எக்ஸ் 100 ஆனாலும் சரி, எங்கப்பாவோட பஜாஜ் சேட்டக் ஆனாலும் சரி, சைலன்சர். "அடைச்சிருக்கு தம்பி, சுட்டு எடுக்கணும்"னு மெக்கானிக் சொல்லுவார், நாமளும் தலையாட்டுவோம். அது சத்தத்தை அடக்குற டப்பான்னு மட்டும்தான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன் மக்களே. அந்த நெனப்புக்கு நான் குடுத்த விலை ஒரு பிஸ்டன். அதுக்கும் மேல குடுக்க வேண்டியது, நூலிழையில தப்பிச்சேன். இந்த வாரம் அந்தக் கதை.

இந்தத் தொடரை விடாம படிக்கிற அந்த நாலு பேருக்கு (அதுல ஒண்ணு என் அக்கா) என் வெஸ்பா பிஎக்ஸ் 125 பத்தித் தெரியும். ஷெஃபீல்டுக்குப் படிக்க வந்த இடத்துல, ஸ்டைபண்ட்ல மிச்சம் பிடிச்சு வாங்கின கிழவி. பழைய ஓனர் ஏற்கெனவே பொலினி 177 கிட் போட்டு வச்சிருந்தார். கம்பெனி சிலிண்டர் 52.5 மில்லிமீட்டர் போர், 57 ஸ்ட்ரோக், சுமார் 123 சிசி. ஸ்ட்ரோக்கை அப்படியே விட்டுட்டு போரை 63 ஆக்கினா 177 சிசி. கணக்கு அவ்வளவுதான். ஆனா சைலன்சர் மட்டும் பழைய கம்பெனி டப்பாவே. பெரிய வயித்துக்காரனுக்குச் சின்ன மூக்கு மாதிரி, ஒரு வேகத்துக்கு மேல வண்டி மூச்சு முட்டும். சரி, மாத்திடுவோம்னு கெளம்பினேன். சனி அங்கதான் பிடிச்சது.

மொதல்ல இந்தக் குழாய் என்ன செய்யுதுன்னு சொல்லிடறேன். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில புகை போக ஒரு வால்வு, காத்து வர ஒரு வால்வு. டூ ஸ்ட்ரோக் சிலிண்டர்ல அதெல்லாம் கெடையாது, வெறும் ஓட்டைகள்தான். பிஸ்டன் கீழ எறங்கும்போது புகை போற ஓட்டை மொதல்ல தெறக்கும், கொஞ்ச நேரத்துல புதுப் பெட்ரோல் கலவை வர்ற ஓட்டையும் தெறக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல தெறந்து கெடக்கும். முன்வாசல்ல வர்ற விருந்தாளி அப்படியே கொல்லைப்புறமா வெளிய போற மாதிரி, எரியாத பெட்ரோலும் புகையோட வெளிய போயிடும்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர்னு சொல்ற அந்த வயிறு பெருத்த குழாய் இதைத்தான் தடுக்குது. புகை வெடிச்சுக் கெளம்பும்போது ஒரு அழுத்த அலையும் கெளம்புது. குழாய் அகலமாகுற எடத்துல அந்த அலை உறிஞ்சுற அலையா மாறித் திரும்பி வந்து, மிச்சப் புகையை வெளிய இழுக்குது. அடுத்து குழாய் குறுகுற எடத்துல மோதி, தள்ளுற அலையா திரும்பி வந்து, தப்பிச்சு ஓடுன புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ள நெட்டித் தள்ளுது. அப்ப பாத்து பிஸ்டன் ஓட்டையை மூடிடுது. ஒரு பைசா செலவில்லாம டர்போ வச்ச மாதிரி!

இதை ஒரு விஞ்ஞானமா மாத்தினவர் வால்டர் காடென். கிழக்கு ஜெர்மனியில எம்இசட் கம்பெனியோட பந்தய இன்ஜினியர். 1961-ல அவரோட 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தி குடுத்தது. லிட்டர் கணக்குல 200. டர்போ எதுவும் இல்லாம அதுவரைக்கும் எந்த எஞ்சினும் தொடாத எண். அதே வருஷம் செப்டம்பர்ல, ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன அவரோட ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தாவி, ரகசியத்தை சுஸுகிக்குக் கொண்டு போயிட்டார். 1962-ல சுஸுகியில ஓட்டி 50 சிசி உலக சாம்பியனும் ஆனார். ஒரு குழாய்க்காக எல்லை தாண்டியிருக்காங்க, பாத்துக்குங்க.

ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அலை போயிட்டுத் திரும்பி வர்ற நேரம் கிட்டத்தட்ட மாறாது. எஞ்சின் வேகம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால ஏதோ ஒரு வேகத்துலதான் ரெண்டும் ஜோடி சேரும். புகை ஓட்டை 170 டிகிரி தெறந்திருக்கு, அலை வினாடிக்கு 518 மீட்டர் போகுதுன்னு வச்சுக்குங்க. 6500 சுற்றுல ஜோடி சேரணும்னா அலை போய்த் திரும்ப வேண்டிய நீளம் சுமார் 1.13 மீட்டர். 8500 சுற்றுல சேரணும்னா 86 சென்டிமீட்டர். குட்டையான குழாய் ஓட்டப்பந்தயக்காரன், நீளமானது மாட்டு வண்டிக்காரன். தப்பான வேகத்துல போனா அதே அலை தப்பான நேரத்துல வந்து எஞ்சினை அமுக்கும்.

இதெல்லாம் இப்ப தெரியுது. அப்ப தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். கூட ஓட்டுற வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன்கிட்ட பழைய பந்தயக் குழாய் ஒண்ணு சும்மா கெடந்தது. "ஒரு வாரம் போட்டுப் பாரு"ன்னு குடுத்தான். ஓசியில கெடைச்சா ஃபினாயிலும் குடிக்கிற ஜாதி நான், அன்னிக்கே மாட்டிட்டேன். கார்பரேட்டர் ஜெட்டை மாத்தினியான்னு கேட்டான். ஊருக்குள்ள ரெண்டு ரவுண்டு ஓட்டினேன், ஜம்முனு போச்சு. எதுக்கு மாத்தணும்?

ஞாயித்துக்கிழமை ஸ்னேக் பாஸ் கெளம்பினோம். ஷெஃபீல்டுலேர்ந்து மேக்கால மலையேறி கிளாசப் போற ஏ57 ரோடு, உச்சி 500 மீட்டருக்கு மேல. பின்னாடி என் ஹவுஸ்மேட், யாழ்ப்பாணத்துத் தம்பி. அவன் அப்பா அங்க மோட்டார் சைக்கிள் திருத்துற கடை வச்சிருந்தவர். தொண்ணூறுகள்ல பெட்ரோல் தடை இருந்தப்ப மண்ணெண்ணெயில வண்டி ஓட்டின ஊர். எஞ்சின் சத்தத்தைக் காதாலயே படிக்கிற குடும்பம்.

லேடிபவர் தாண்டி ஏத்தம். மூணாவது கியர்ல முழு ஆக்ஸிலேட்டர். 6000 தாண்டினதும் யாரோ பின்னாடி உதைச்ச மாதிரி வண்டி பாஞ்சுது பாருங்க, ஹெல்மெட்டுக்குள்ள நான் சிரிச்சதை யாரும் பாக்கலை. நாலாவது போட்டா பொசுக்குனு அடங்கிடும். மறுபடி மூணு, மறுபடி முழு முறுக்கு. இப்படியே ரெண்டு மூணு மைல்.

முதுகுல தட்டினான். "அண்ணை, உந்தச் சத்தம் சரியில்லை. ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

நான் நிப்பாட்டலை. "அதெல்லாம் பந்தயக் குழாய் சத்தம்டா"ன்னு கத்தினேன்.

அடுத்த வளைவுக்கு முன்னாடி வண்டி திடீர்னு இன்னும் லேசா, இன்னும் வேகமா போற மாதிரி இருந்துச்சு. அப்புறம் 'கிரீச்'. பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. பின்னால ஒரு கார். எப்படிக் கிளட்ச்சைப் பிடிச்சேன்னு தெரியலை, "கிளட்ச், கிளட்ச்"னு அவன் கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு. பின்பக்கம் ரெண்டு தரம் ஆடி, சக்கரம் விட்டுக் குடுத்து, ஓரத்துப் புல்லுல போய் நின்னோம். கார்க்காரர் ஹார்ன் அடிச்சுட்டே போனார். அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் பேசலை. அவன் கை நடுங்கிக்கிட்டிருந்தது. எனக்கும்தான்.

நடந்தது இதுதான். மெயின் ஜெட் முழு ஆக்ஸிலேட்டர்லதான் முழுசா வேலை செய்யும். ஊருக்குள்ள கால்வாசி முறுக்கல்ல அது பத்தலைன்னு தெரியவே தெரியாது. புதுக் குழாய் எஞ்சினை அதிகமா காத்து இழுக்க வச்சுது, பெட்ரோல் அதுக்கு ஏத்த மாதிரி கூடலை. டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் அந்தப் பெட்ரோலோடதான் வருது. சூடு ஏறி, பிஸ்டன் உப்பி, சிலிண்டரைக் கவ்விடுச்சு. நம்ம மெக்கானிக் பாஷையில, சீஸ் ஆயிடுச்சு. கவ்வுறதுக்கு முன்னாடி வண்டி சூப்பரா ஓடுற மாதிரி தோணுமாம். அந்தச் சிரிப்பை நம்பாதீங்க.

எஞ்சினைத் தள்ளிக்கிட்டுப் போன கடையில ஒரு பெரியவர். நாப்பது வருஷமா ஸ்கூட்டர்தான் தொழில். போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்னு சொல்லிட்டு, நான் எந்தக் குழாய் நல்லதுன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லாம, மூணு கேள்வி கேட்டார்.

ஒண்ணு: சிலிண்டர் ஓட்டைகளை ராவிப் பெருசாக்கியிருக்கா? இல்லை, கிட் வந்தபடியே இருக்கு. அப்ப 8500 சுற்றுக்கு அடிச்ச குழாய் எதுக்கு? சிலிண்டர் மூச்சு விடுற வேகமும் குழாய் வேகமும் ஒண்ணா இருக்கணும்.

ரெண்டு: கியர்பாக்ஸ் கம்பெனியோடதா? ஆமாம். பிஎக்ஸ்ல மூணுலேர்ந்து நாலு போட்டா சுற்று கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு விழும். 7000-ல மாத்தினா 5300 பக்கம் வந்து நிக்கும். குழாய் 6000-லதான் முழிச்சுக்கும்னா நாலாவது கியர்ல அது தூங்கும். ஏத்தத்துல எனக்கு நடந்தது அதேதான். அதுக்கு நாலாவது கியரையே குட்டையா மாத்தணும், அது தனிச் செலவு.

மூணாவது கேள்விதான் என்னை அடிச்சது. எங்க ஓட்டுவே, பின்னாடி யார் ஒக்காருவாங்க?

பதிலைச் சொன்னதும், பாக்ஸ் ரகக் குழாய்கள் பக்கம் கையைக் காட்டினார். வெளிய பாத்தா கம்பெனி டப்பா மாதிரியே இருக்கும், உள்ள கொஞ்சம் அந்த அலை வித்தை. எஸ்ஐபி ரோடு, பிஜிஎம் பிக் பாக்ஸ் எல்லாம் இந்த ஜாதி. உச்ச சக்தி பந்தயக் குழாயை விடக் கம்மி. ஆனா கீழ் வேகத்துலேர்ந்தே இழுக்கும், நாலாவது கியரை மதிக்கும், ஸ்டெப்னி எடத்தைப் பிடுங்காது. பந்தயக் குழாய் சிலதுல பின் டயரைக் கழட்டணும்னாலே குழாயைக் கழட்டணும். மழையில நடுரோட்டுல பஞ்சர் ஆனா அருமை தெரியும். சத்தமும் ஒரு விஷயம்: பிரிட்டன்ல சத்தம் ஏறுற மாதிரி எக்ஸாஸ்ட்டை மாத்தினா சட்டப்படி குத்தம். கிட் போட்டதையும் குழாய் மாத்தினதையும் இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணும், சிசி மாறினதை பதிவுச் சான்றுல திருத்தணும். ரெண்டும் செஞ்சேன். பிரீமியம் ஏறிச்சு, தூக்கம் வந்துச்சு.

பாக்ஸே வாங்கினேன். ரெண்டு மாச மளிகைக் காசு. இந்தத் தடவை ஜெட்டும் சேத்து வாங்கினேன். டெலார்ட்டோ ஜெட்டுல 100-ன்னு போட்டிருந்தா துவாரம் 1 மில்லிமீட்டர். எப்பவும் பெருசுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா எறங்கணும், சின்னதுலேர்ந்து ஏறக் கூடாது. பெட்ரோல் அதிகமானா வண்டி திணறும், புகை கக்கும், அவ்வளவுதான். கம்மியானா கவ்வும். 2021-லேர்ந்து இங்க சாதா பெட்ரோல்ல பத்து சதவீதம் எத்தனால், அதுவே கலவையைக் கொஞ்சம் மெலிசாக்கும். அதனால கிழவிக்கு சூப்பர் மட்டும்தான்.

அந்தத் தம்பி நாலு மாசம் என் பின்னாடி ஏறலை. நானும் கூப்பிடலை. போன ஞாயிறு அவனே ஹெல்மெட்டோட வந்து நின்னான். லேடிபவர் தாண்டி பாதி ஏத்தத்துல முதுகுல தட்டினான். உடனே நிப்பாட்டினேன். ஸ்பேனரை வாங்கி பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான். நல்ல டிகிரி காபி கலர்.

"சரி அண்ணை, போவம்"னான்.

நாலாவது கியர்லயே உச்சிக்குப் போய்ச் சேந்தோம். மெதுவாத்தான்.

அடுத்த வாரம்: கிளட்ச் கேபிள் அறுந்த இரவு. உங்க சீஸ் கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க, நான் மட்டும் அசடு இல்லைன்னு தெரிஞ்சா ஒரு நிம்மதி. வர்ட்டா?