திட்டாதீங்கய்யா, அது ஹார்மோன்!

போன வாரம் நண்பர் ஒருத்தர் "நம்ம பிள்ளைகளுக்கு ஏன் சக்கரை வருது"ன்னு எழுதியிருந்தார். பீட்சா, சாக்லேட், செல்போன், கண்டிக்காத அப்பா அம்மான்னு ஒரு பட்டியல். கடைசியில வழக்கம் போல "இன்சுலின் எல்லாம் கம்பெனிக்காரன் சதி, நிறுத்திட்டு கேழ்வரகுக் களிக்குத் திரும்புங்க"ன்னு முடிச்சிருந்தார். கீழ 40 பேர் வரிசையா "அருமை", "கண்ணைத் திறந்துட்டீங்க". அந்த 40 பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. யாரையும் புண்படுத்துற நோக்கம் இல்ல, ஆனா புண்பட்டா பரவாயில்ல. கொஞ்சம் நீளம், டீ சொல்லிட்டு உக்காருங்க.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன், பென்னாகரம் பக்கம். களியைப் பத்தி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். எங்க வீட்டுல அது பாரம்பரிய உணவு கிடையாது, சோறுன்னாலே அதுதான். களியும் கீரையும் மட்டுமே தின்னு வளர்ற வீட்டுலயும் 10 வயசுப் பிள்ளைக்கு சக்கரை வருதுங்க. ஏன்னா சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது பெரும்பாலும் டைப் 1. உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பு பண்ணி கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை அழிச்சிடும். தின்ன மிட்டாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006ல இருந்து 25 வயசுக்குள்ள சக்கரை வந்தவங்களைப் பதிவு பண்ணிட்டு வருது. 2016ல வெளியான கணக்குப்படி 5546 பேர்ல ஏறக்குறைய 64 சதவீதம் டைப் 1, 25 சதவீதம் டைப் 2. அந்த டைப் 2க்கு வேணா உங்க பீட்சா வாதத்தை கொஞ்சம் தூரம் இழுத்துட்டுப் போகலாம். மிச்சப் பேரை என்ன பண்ணப் போறீங்க?

சரி, வந்துடுச்சு. ஊசி போட ஆரம்பிச்சாச்சு. ரெண்டு மூணு வருஷம் ஓரளவு ஒழுங்கா போகும். அப்புறம் பிள்ளைக்கு 12, 13 வயசு ஆகும். அதே சாப்பாடு, அதே ஊசி, அதே அளவு. ஆனா மீட்டர்ல 300, 350ன்னு காட்டும். இங்கதான் ஒவ்வொரு வீட்டுலயும் ரகளை ஆரம்பிக்குது. "திருட்டுத்தனமா என்னடி தின்ன?"

எங்க தெருவுலயே ஒரு பொண்ணு. பேர் வேண்டாம். வயசுக்கு வந்த வருஷம் சக்கரை எகிறுச்சு. அம்மா தினமும் ஸ்கூல் பையைக் கொட்டி மிட்டாய்த் தாள் தேடுவாங்க. அப்பா ஒரு நாள் கையை நீட்டிட்டார். வழக்கமா காட்டுற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, அவரும் சீட்டுல ஊசி அளவை மாத்தாம "வாயைக் கட்டச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டார். புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? மதியச் சோத்தை நிறுத்திடுச்சு. ஊசி மட்டும் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட வகுப்புல உக்காந்து, ஒரு நாள் சக்கரை இறங்கி மயங்கி விழுந்துச்சு. அதுக்கும் பேச்சு, "படிக்கப் பிடிக்காம நடிக்குது".

இந்தக் கேள்விக்கு 1986லேயே பதில் வந்தாச்சு. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஸ்டெபானி ஏமியல்னு ஒரு டாக்டரம்மா, டாம்பர்லேன், ஷெர்வின் ஆகியோரோட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒரு கையில இன்சுலினை ஒரே சீரா ஏத்திக்கிட்டே, ரத்தத்துல சக்கரை இறங்காம இருக்க குளுக்கோஸையும் ஏத்தணும். எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுதோ, அந்த அளவுக்கு இன்சுலின் வேலை செய்யுதுன்னு அர்த்தம். தேவை குறைஞ்சா இன்சுலின் பேச்சை உடம்பு கேக்கலைன்னு அர்த்தம். சக்கரை இல்லாத பிள்ளைங்க, டைப் 1 பிள்ளைங்க, பெரியவங்க எல்லாரையும் வெச்சுப் பாத்தாங்க. பருவ வயசுல இருக்குற பிள்ளைங்களுக்கு இன்சுலினோட வேலை, அதுக்கு முந்தின வயசுக்காரங்களையும் பெரியவங்களையும் விட 25, 30 சதவீதம் கம்மி. கவனிங்க, சக்கரையே இல்லாத பிள்ளைங்களுக்கும் இதே கதைதான்! டைப் 1 பிள்ளைங்களுக்கு இன்னும் மோசம்.

காரணம் வளர்ச்சி ஹார்மோன். பருவத்துல அது கொட்டும், புள்ள கிடுகிடுன்னு வளரும், அதே ஹார்மோன் இன்சுலினுக்குக் குறுக்க நிக்கும். உங்க வீட்டுப் பிள்ளை, என் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் கணையம் சத்தமில்லாம கூடுதலா சுரந்து சமாளிச்சிடும். நமக்கு விஷயமே தெரியாது. சுரக்கவே வழியில்லாத பிள்ளைக்கு வெளியில இருந்துதான் கூட்டணும். கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்குள்ள இருந்த நாள் அளவு, பருவத்துல அதைத் தாண்டிப் போறது சகஜம். வளர்ச்சி முடிஞ்சதும் தேவை திரும்ப இறங்கும். இதுபோக, சில பொண்ணுங்களுக்கு மாசாமாசம் தூரம் ஆகுறதுக்கு முந்தின சில நாள் சக்கரை தனியா ஏறும். அதுவும் ஹார்மோன்தான்.

ஆக, அந்த 350க்கு விடை ஸ்கூல் பையில இல்ல. 1986ல அச்சான விஷயம். இத்தனை வருஷம் கழிச்சும் ஊசி அளவைக் கூட்டாம புள்ளையைத் திட்டி அனுப்புறாங்கன்னா எனக்குக் கோவம் வருமா வராதா? அளவைக் கூட்டுனா "நோய் முத்திடுச்சு"ன்னு அழற அம்மாக்களையும் பாத்திருக்கேன். புள்ள வளருதும்மா, சட்டை அளவு கூடுற மாதிரி இதுவும் கூடும், அவ்வளவுதான்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

நம்ம சடங்கையும் கொஞ்சம் பேசணும். வயசுக்கு வந்தா உளுந்தங்களி, வெல்லம், நல்லெண்ணெய், புட்டு. தாய்மாமன் சீர்ல தட்டு தட்டா இனிப்பு. எனக்கு அதுல ஒரு சண்டையும் இல்ல, உளுந்து நல்லதுதான். ஆனா இன்சுலின் சரியா வேலை செய்யாத அதே நேரத்துல வெல்லத்தை நாமளே ஊட்டிட்டு, மறுவாரம் மீட்டரைப் பாத்து புள்ளையை அடிக்கிறது எந்த ஊர் நியாயம்? கொடுக்கணும்னா அதுக்குண்டான ஊசியைக் கணக்குப் பண்ணிக் கொடுங்க.

இதோட மறுபக்கம் இன்னும் கொடுமை. ஊசி பத்தாம வருஷக்கணக்கா சக்கரை ஏறியே இருந்தா பருவமே தள்ளிப்போகும். உயரம் நின்னுடும், வயிறு மட்டும் கல்லீரல் வீங்கி உப்பிக்கிட்டு இருக்கும். பிரான்ஸ்ல மோரியாக்னு ஒரு டாக்டர் 1930லயே இதை எழுதி வெச்சார். 15 வயசுல 10 வயசு உருவத்தோட நிக்கிற பிள்ளையைப் பாத்து "சத்து பத்தல, டானிக் குடுங்க"ம்பாங்க. பத்தாதது இன்சுலின்.

இப்ப நம்ம "நிறுத்திட்டு களி சாப்பிடு" ஆளுங்ககிட்ட வரேன். ஐயா, 100 கிராம் கேழ்வரகுல ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அதைச் செரிச்சா வர்றதும் குளுக்கோஸ்தான், அதுக்கும் இன்சுலின் வேணும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் வெச்சு டைப் 1ஐ சமாளிக்கிறதை உலகம் ஏற்கனவே முயற்சி பண்ணிப் பாத்தாச்சு. இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி அமெரிக்காவுல ஆலன்னு பெரிய டாக்டர் கிட்டத்தட்ட பட்டினி போட்டுத்தான் வைத்தியம் பாத்தார். பிள்ளைங்க எலும்பும் தோலுமா கொஞ்ச காலம் கூடுதலா இருந்துட்டு செத்துப்போனாங்க. அப்படி எலும்புக்கூடா இருந்த லியோனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்குத்தான் 1922 ஜனவரி 11ல டொராண்டோவுல முதல் ஊசி போட்டாங்க. அது சரியா வேலை செய்யல. சுத்தம் பண்ணி 23ம் தேதி திரும்பப் போட்டாங்க, பொழைச்சான். அதுக்கப்புறம் 13 வருஷம் இருந்தான். அவனுக்கும் வயசு 14தான்ங்கிறதை கவனிச்சுக்கோங்க.

டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினா சில நாள்லயே ரத்தம் அமிலமாக ஆரம்பிக்கும். வாந்தி, வயித்துவலி, மூச்சு இரைக்கும், வாயில பழ வாசனை அடிக்கும். எங்க பக்கம் இதைக் காத்துக்கருப்புன்னு நெனச்சு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. படிக்காத அந்தத் தாயை நான் குத்தம் சொல்ல மாட்டேன். படிச்சுட்டு இன்சுலினை நிறுத்துன்னு எழுதுறவரைச் சொல்வேன்.

கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்னு சொல்றீங்களா, அதுல பாதி நானும் உங்க கூட. கண்டுபிடிச்சவங்க காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. இன்னிக்கு உலகச் சந்தையில பெரும்பங்கு மூணு கம்பெனி கையில. (எங்க ஊர் ஆளுங்க கொத்து வேலைக்கு பஸ் ஏறுற பெங்களூருல பயோகான் 2004ல இருந்து இன்சுலின் விக்குது, அது வேற விஷயம்.) விலையைக் குறைன்னு சண்டை போடுங்க, நானும் கொடி பிடிக்கிறேன். விலை அதிகம்ங்கிறதுக்காக மருந்தே பொய்ன்னு சொல்லாதீங்க.

எங்க மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கு. சக்கரை பணக்கார நோய், குண்டா இருக்கிறவங்க நோய்ங்கிற நினைப்பை வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் நிஹால் தாமஸ் குழு உடைச்சிட்டு இருக்காங்க. ஒல்லியா, சின்ன வயசுல போஷாக்கு இல்லாம வளர்ந்து, இளவயசுலயே சக்கரை வர்றவங்க. டைப் 1 மாதிரி எதிர்ப்பு சக்தி தாக்குதலும் இல்ல, டைப் 2 மாதிரி இன்சுலினை உடம்பு மதிக்காம இருக்கிறதும் இல்ல. சுரப்பே ரொம்பக் கம்மி. நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸோட சேர்ந்து இவங்க 2022ல அதை அளந்து காட்டினாங்க. உலக சுகாதார நிறுவனம் 1985ல இப்படி ஒரு வகையைச் சேர்த்து, ஆதாரம் பத்தலைன்னு 1999ல தூக்கிடுச்சு. 2025 ஏப்ரல்ல சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு பாங்காக் மாநாட்டுல டைப் 5ன்னு பேர் வெச்சு ஏத்துக்கிச்சு. இன்னும் ஒத்துக்காத ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க, இருக்கட்டும். ஆனா வானம் பாத்த பூமியில, 2014 நவம்பர்ல தர்மபுரி அரசு மருத்துவமனையில சில நாளுக்குள்ள 11 பச்சைக் குழந்தைங்க செத்தப்போ "எடை குறைவு"ன்னு காரணம் சொல்லிக் கேட்ட எங்களுக்கு, வயித்துல இருக்கும்போதே பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பின்னாடி சக்கரை வரும்னு சொன்னா ஆச்சரியமா இல்ல. இவங்களுக்குப் போய் பீட்சா அறிவுரையா?

தேசியத் திட்டத்துல ஊர் ஊரா சக்கரை பாக்கிறது 30 வயசுக்கு மேலதான். வீடு தேடி மருந்து வர்ற மக்களைத் தேடி மருத்துவம் 2021ல எங்க பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க. நல்ல திட்டம், எங்க அப்பாவே பயன்படுத்துறார். ஆனா 13 வயசுப் பொண்ணைத் தேடி யார் வர்றது? ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல இன்சுலினை ஈர மணல் போட்ட மண்பானையில வைக்கலாம்னு சொல்லித்தர ஆள் வேணும். 40 யூனிட் புட்டிக்கு 100 யூனிட் சிரிஞ்சு போட்டு அளவை மாத்திடக் கூடாதுன்னு சொல்ல ஆள் வேணும். பரீட்சை ஹால்ல பிஸ்கட் வெச்சுக்கலாம்னு சி.பி.எஸ்.இ. 2017ல அனுமதி கொடுத்துச்சு. எங்க ஊர் சார் கேக்குறார், "அது என்ன புதுசா?"

கடைசியா ஒண்ணு, இதை எழுத எனக்கே கூச்சமா இருக்கு. குழந்தைத் திருமணத்துக்குப் பேர் போன மாவட்டம் இது. சக்கரை இருக்கிற பொண்ணுன்னா ரெண்டு முடிவு. ஒண்ணு, விஷயம் வெளிய தெரியறதுக்குள்ள 16லயே தள்ளிவிடு. இல்லைன்னா ஊசியை மறைச்சுக் கட்டிக்கொடு. மறைச்சுக் கட்டிக்கொடுத்த வீட்டுல அவ எங்க உக்காந்து ஊசி போடுவா? கட்டுப்பாடில்லாத சக்கரையோட கர்ப்பம் ஆனா தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும்னு எந்த மகப்பேறு டாக்டரையும் கேளுங்க. அப்படி ஒரு கல்யாணப் பேச்சு காதுல விழுந்தா 1098க்கு ஒரு போன் போடுங்க, பேர் சொல்லத் தேவையில்ல.

எங்க தெருப் பொண்ணுக்கு வேற ஒரு டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுத்தார். ரெண்டு வாரத்துல மீட்டர் அடங்குச்சு, மதியச் சோறும் திரும்ப ஆரம்பிச்சுது. பையைக் கொட்டுறது நின்னுச்சான்னு நான் கேக்கல.

நண்பரே, உங்க பதிவுல பீட்சா, செல்போன், கலாச்சாரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதைப் பத்தி அப்புறமா ஆற அமர சண்டை போட்டுக்கலாம். "இன்சுலினை நிறுத்துங்க"ங்கிற அந்த ஒரு வரியை மட்டும் இன்னிக்கு ராத்திரிக்குள்ள எடுத்துடுங்க.